மறுகா

மாரி வெள்ளம் வடிந்த நாலாம் நாள்
நூலகத்தின் கீழ்த்தட்டைக் கழுவும்போது கிடைத்தது
அட்டையில்லாத ஒரு நாவல்.
ஊறி, உப்பி,
எழுதியவர் பெயரும் வெள்ளத்தோடு போய்.
தூக்கினேன். தையல்நூல் இற்று
பதினாறு பதினாறு பக்கமாய்க் கழன்று விழுந்தது.
எண்ணினேன், பதினாலு துண்டு.

"கழிவு எண்டு பதியுங்க மிஸ்."
கணக்காய்வுக்காரருக்கு பஸ் பிடிக்கும் அவசரம்.
பதியத்தான் பேனாவைத் திறந்தேன்.
ஆறாம் துண்டின் கடைசி வரி கண்ணில் பட்டது:
வீட்டைப் பூட்டிய அவள்
சாவியைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு நடந்தாள்.

அந்த மாதம் இரவல் போனவை பதினொன்று.
அதில் ஒன்பது, பரீட்சை வினாத்தாள்.

மூன்று நாள் வெயிலில் காயவைத்தேன்.
பிறகு ஆளுக்கொரு துண்டாய்க் கொடுத்தேன்,
ஒற்றை எண்கள் மருதமுனைக்கு,
இரட்டை எண்கள் பாண்டிருப்புக்கு.
பதினாலு முகவரியும் நூலகக் கதவில்.
ஒரே ஒரு நிபந்தனை:
வாசித்ததை என்னிடம் கொண்டுவரக் கூடாது.
அடுத்த துண்டு யார் வீட்டிலோ
அங்கே நீங்களே போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் கிழமை ஒருவரும் அசையவில்லை.
பதினோராம் துண்டில் ஒரு தாள் பட்டமாகிப் பறந்தது.
"இது சரிவராது" என்று நாலாம் துண்டை
உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினார்
ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர்.

இரண்டாம் கிழமை, இரவு எட்டரைக்கு,
சைக்கிள் கடை மேகராசா
ஆறாம் துண்டைச் சாரத்தில் செருகிக்கொண்டு
எல்லை ஒழுங்கையைத் தாண்டினார்.
முந்நூறு யார்தான்.
இருபத்திரண்டு வருசம் அவர் கால் படாத முந்நூறு யார்.
நுஸ்கி வீட்டுக் கேற்றைப் பிடித்தபடி கேட்டாராம்:
"மறுகா என்ன நடந்த? அவ சாவிய எடுத்தாவா?"

நுஸ்கி முந்தநாள்தான் டோஹாவுக்கு ஏறியிருந்தான்.
ஒப்பந்தம், மருத்துவ அறிக்கை, போட்டோப் பிரதிகள்,
அவற்றுக்கிடையே பைலுக்குள் மாட்டி
ஏழாம் துண்டும் விமானம் ஏறிவிட்டது.
அவனுடைய ராத்தா ஸறூபா
தேத்தண்ணி வைத்து விசயத்தைச் சொன்னாள்.
"முன்னுக்கு என்ன நடந்த? அதையாவது சொல்லுங்க."
சொல்லத் தொடங்கியவர்
பத்து மணிக்குத்தான் எழும்பினார்.

எட்டாம் துண்டோ இப்படித் தொடங்குகிறது:
கதவைத் திறந்து அவள் உள்ளே வந்தாள்.

எப்படித் திறந்தாள்?
மாற்றுச் சாவி இருந்திருக்கும் என்றது மீன் சந்தை.
தையல்கடை உம்மு ஹபீபா கத்தரியை வைத்துவிட்டுச் சொன்னாள்,
"அவ பூட்டவே இல்ல. பூட்டின மாதிரி நடிச்ச."
கிணறு வற்றும்வரை காத்திருந்தாள் என்றான்
ஏழாம் வகுப்புக் கிருசாந்.
அவன் வீட்டுக் கிணறு ஆவணியில் வற்றும்.

சனிக்கிழமை, அசர் முடிய, நூலக முற்றத்தில் கூடினார்கள்.
வாடகைக் கதிரை இருபது எடுத்திருந்தேன்; காணவில்லை.
வாசித்தவர்கள் குறைவு, அது உண்மை.
கதை கேட்டுவிட்டு வந்தவர்களே உரத்து வாதாடினார்கள்.
கலையும்போது அலுமாரியை எட்டிப் பார்த்து
மேகராசா ரகசியமாய்க் கேட்டார்:
"முழுசா இரிக்கிற புத்தகமும் வெச்சிருக்கீங்களா?"

பதிவேட்டில் கழிவு என்று எழுதவில்லை.
இரவலில் உள்ளது என்று எழுதினேன்.

மாசி நடுவில், ஒரு சனி பின்னேரம்,
பதினாறு பக்கமும் படமாய் வந்து விழுந்தன போனில்.
விடுதிக் கட்டில், நீல விரிப்பு.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
தாளைப் பிடித்த நுஸ்கியின் பெருவிரல்
கடைசி இரண்டு வரிக்கு மேலே.
நகத்தில் சீமெந்து.

"தம்பி, அந்த விரல"
என்று தட்டிக்கொண்டிருக்கையில்
முற்றத்தில் கதிரைகள் இழுபடும் சத்தம்.
யாரோ தொடங்கிவிட்டார்கள், கிணற்றிலிருந்து.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
வெளியே போனேன்.